சிறைமுகாமில் முளைத்த மொழிப்பள்ளி

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், பல நாட்டு மாணவர் கூடி ஆங்கிலம் பயிலும் பள்ளியொன்றை 1955ஆம் ஆண்டு ஃபிராங்க் பெல் என்பவர் நிறுவினார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, போர்னியோத் தீவின் கூச்சிங் முகாமில் வாடியவர் அவர். பசியும் பிணியும் சூழ்ந்த அங்கே, சக கைதிகளைத் திரட்டி மறைவாக மொழி வகுப்புகள் நடத்தினார்.

இத்தகைய பள்ளிகளில் ஜப்பானிய மாணவியும் இத்தாலிய மாணவியும் ஒரே வகுப்பில் அமர்வர். ஒருவர் தாய்மொழி மற்றவர்க்குத் தெரியாது. ஆகவே தவறோ சரியோ, ஆங்கிலத்திலேயே பேசியாக வேண்டும். பேசப் பேசப் பிழை திருந்துகிறது.

நாமோ இலக்கணம் படித்திருந்தும், பிறர் நகைப்பாரோ என்று வாய் திறவாதிருக்கிறோம். தோழி தடுமாறும்போது நகைப்பவர்களும் நாமே அல்லவா? இனி நகையாமல் கேட்போம், அஞ்சாமல் பேசுவோம்.