கண்டி ராஜா வேலூருக்கு ஏன் வந்தார்?

வேலூர்க் கோட்டை என்றாலே நமக்கு 1806 சிப்பாய்ப் புரட்சிதான் ஞாபகம் வரும். போன லீவில் மாமாவோடு தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரம் வழியாக பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். கோட்டைக்குள் 'கண்டி மகால்' என்று ஒரு கட்டடம் இருக்கு. கண்டி இலங்கையில்தானே இருக்கு என்று யோசித்தேன். பிறகு தேடிப் படித்தேன்.

இலங்கையின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். நாயக்கர் வம்சம், இயற்பெயர் கண்ணுசாமி. 1798-இல் 18 வயதிலேயே அரசரானார். 1803-இல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்தார்கள். சில மாதங்களிலேயே இவர் படை அவர்களைத் தோற்கடித்து நகரை மீட்டது. கண்டியின் அழகான ஏரியும் இவர் வெட்டியதுதான்.

அப்படிப்பட்டவர் எப்படித் தோற்றார்?

பிரபுக்கள் மேல் சந்தேகம் வந்தது. ஆங்கிலேயரும் அவர்களோடு ரகசியமாகப் பேசி அதை வளர்த்தார்கள். 1814-இல் எஹெலப்பொல என்ற பிரபு ஆங்கிலேயரிடம் ஓடிப்போனார். கோபத்தில் ராஜா அவருடைய மனைவி, பிள்ளைகளைக் கொல்லச் சொன்னார். குழந்தைகள் என்ன தப்பு செய்தாங்க? ஜனங்க மனசு விட்டுப்போச்சு.

1815-இல் ஆங்கிலேயர் மறுபடி வந்தபோது பெரிய சண்டையே நடக்கவில்லை. பிப்ரவரி 18-இல் ராஜா பிடிபட்டார். மார்ச் 2-இல் நாட்டை ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் பிரபுக்களே கையெழுத்துப் போட்டார்கள். 1816-இல் கப்பலில் சென்னைக்கும், பிறகு வேலூருக்கும் கொண்டுவந்தார்கள். 16 வருஷம் காவலில் இருந்து, 1832 ஜனவரி 30-இல் இறந்தார். பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் அவர் சமாதி இருக்கு.

1803-இலும் 1815-இலும் அதே மலை, அதே ராஜா. கூட நின்ற ஜனங்கதான் இல்லை. வேலூர் போனால் அந்த மண்டபத்தையும் பார்த்துட்டு வாங்க!