பனிச்சிறுத்தைக்கு ஒரு போனஸ்

கேள்வி: ஆட்டை அடிக்கிற சிறுத்தையை ஆட்டுக்காரரே காப்பாற்றுவாரா? நடக்கிற கதையா இது?
– வாசகர், தேனி

பதில்: மங்கோலியாவில் நடக்கிறது. அங்கே பனிச்சிறுத்தை பட்டிக்குள் புகுந்தால் ஒரே இரவில் பல ஆடுகள் போய்விடும். கோபம் வராதா என்ன? 1998-ல் ஸ்னோ லெப்பர்ட் டிரஸ்ட் என்ற பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அமைப்பு ஓர் ஒப்பந்தத்தோடு வந்தது. மேய்ச்சல் குடும்பத்துப் பெண்கள் ஆட்டு ரோமத்தைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து இறுக்கி, பொம்மை, செருப்பு, விரிப்பு என்று செய்கிறார்கள். டிரஸ்ட் அதை வாங்கி வெளிநாட்டில் விற்கிறது. ஆண்டு முழுக்க அந்த வட்டாரத்தில் சிறுத்தை எதுவும் கொல்லப்படாவிட்டால் 20 சதவீதம் போனஸ். ஒருவர் சுட்டாலும் ஊர் மொத்தத்துக்கும் போனஸ் போச்சு! வனக்காவலரைவிட அக்கம்பக்கத்துக் கண்கள் கெடுபிடியானவை. ஆடு போன நஷ்டத்துக்கு இது போதாதுதான். அதற்குச் சில இடங்களில் கால்நடைக் காப்பீடு தனியாக உண்டு. பிரீமியத்தை மேய்ப்பவர்களும் கட்டுகிறார்கள்.