முழுத் தானியமும் தசை வலுவும்: வணிகர் அறிய வேண்டியவை

"கைக்குத்தல் அரிசி இருக்கிறதா? சிறுதானியம் சாப்பிட்டால் கை கால் வலுக்குமாமே?" என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் நம் எல்லோர் கடைக்கும் வருகிறார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து இந்தப் பேச்சு ஊரெங்கும் பரவியிருக்கிறது. சரக்கை விற்கும் நாம் இதற்குச் சரியான பதில் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

தானிய மணியில் மூன்று பகுதிகள் உண்டு. மேலே தவிட்டுத் தோல், ஓரத்தில் முளை, நடுவில் மாவுப் பகுதி. ஆலையில் தீட்டும்போது தவிடும் முளையும் போய்விடும்; மிஞ்சுவது பெரும்பாலும் மாவுச்சத்துதான்.

கோழிகள் சொன்ன பாடம்

1890 வாக்கில் ஜாவாத் தீவின் பத்தேவியா நகரில் (இன்றைய ஜகார்த்தா) கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்து வந்தார். கால் தசை மெலிந்து, நடை தள்ளாடும் நோய் அது. மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற அவருடைய கோழிகளுக்கும் கால் தள்ளாடியது. தீட்டாத அரிசிக்கு மாற்றியதும் அவை தேறின. இந்த ஆராய்ச்சிக்காக 1929இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

நோயைத் தடுத்த பொருள் தயமின் எனும் பி1 வைட்டமின். 1926இல் அதே பத்தேவியாவில் அரிசித் தவிட்டிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். 1936இல் அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் நம் பக்கத்து நெல்லூரில் பிறந்தவர். உண்ட மாவுச்சத்தை நரம்பும் தசையும் சக்தியாக மாற்றிக்கொள்ளத் தயமின் தேவை.

புழுங்கல் அரிசிக்கு இங்கே ஒரு பெருமை உண்டு. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை.

மற்ற சத்துகள்

தசை சுருங்கவும் தளரவும் மக்னீசியம் வேண்டும். தீட்டுவதால் அரிசி இழக்கும் சத்துகளில் இதுவும் ஒன்று. தசை இயங்கச் சுண்ணாம்புச் சத்தும் தேவை. கேழ்வரகு 100 கிராமில் இது சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது.

அரிசித் தவிட்டில் ஃபெருலிக் அமிலமும், தவிட்டு எண்ணெயில் ஒரைசனாலும் உண்டு. ஒரைசனாலைத் தனியே எடுத்து, சதை வளரும் என்று உடற்பயிற்சி செய்வோருக்கு விற்றவர்கள் உண்டு. எடைப் பயிற்சி செய்வோரைக் கொண்டு நடத்தி 1997இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தினம் 500 மில்லிகிராம் வீதம் 9 வாரம் கொடுத்தும் கூடுதல் பலன் தெரியவில்லை.

நாம் என்ன சொல்லலாம்?

"தசைக்கு வேண்டிய சத்துகள் தவிட்டோடு கூடிய தானியத்தில் அதிகம்" என்று தாராளமாகச் சொல்லலாம். "இதைச் சாப்பிட்டால் சதை வளரும், மூட்டு வலி தீரும்" என்று சொல்லக் கூடாது. சதை வளர உழைப்பும் புரதமும் வேண்டும். தானியப் புரதத்தில் லைசின் குறைவு; பருப்பில் அது அதிகம். ஆகவே தானியம் வாங்குவோருக்குப் பருப்பையும் சேர்த்துச் சமைக்கச் சொல்வது நல்ல யோசனை; நமக்கும் வியாபாரம். பொய் விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

கொள்முதலில் கவனம்

கேழ்வரகு, கம்பு, சோளம் இவற்றுக்கு உமி நீக்கும் வேலை இல்லை, முழுசாகவே கிடைக்கும். சாமை, வரகு, தினை, குதிரைவாலிக்கு உமி நீக்கியாக வேண்டும். அப்போது தவிட்டையும் சேர்த்துத் தீட்டிவிட்டால் மணி வெளுத்து வரும். வெள்ளை வெளேரென்ற சாமையை முழுத் தானியம் என்று விற்றால் வாடிக்கையாளர் பணம் கொடுத்தும் அவருக்குச் சத்து போய்ச் சேராது. மொத்த வியாபாரியிடம் தீட்டியதா, தீட்டாததா என்று கேட்டு வாங்கி, சீட்டிலும் அப்படியே எழுதி வைப்போம்.

தவிட்டில் எண்ணெய் இருப்பதால் இந்தச் சரக்கு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் விழும். கம்பு மாவு அரைத்த சில நாட்களிலேயே கசக்கத் தொடங்கும். எனவே,

1. கொஞ்சம் கொஞ்சமாகக் கொள்முதல் செய்வோம். முதலில் வந்ததை முதலில் விற்போம்.
2. மூட்டைகளைப் பலகை மீது, சுவரை ஒட்டாமல், வெயில் படாமல் அடுக்குவோம்.
3. மாவாக இருப்பு வைக்காமல், தானியமாக வைத்து வேண்டும்போது அரைத்துக் கொடுப்போம்.

கசந்த மாவை ஒரு முறை வாங்கிய குடும்பம் மறுபடி சிறுதானியத்தைத் தொடத் தயங்கும். நம் கடைப் படியேறவும் தயங்கும். நல்ல சரக்கும் உண்மையான விளக்கமும் கொடுத்தால் அவர்கள் மாதாமாதம் வருவார்கள்.