கருவியும் தனிமையும்

மனிதர் கூடி வாழப் பிறந்தவர். கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. இன்று விஞ்ஞானம் நம் உள்ளங்கையில் ஒரு சிறு கருவியை வைத்துவிட்டது. அதன் வழியே பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் உள்ளவரோடு முகம் பார்த்துப் பேசுகிறோம். ஆயினும் ஒரே கூடத்தில் நால்வர் அமர்ந்திருக்க, நால்வரும் தத்தம் கைப்பேசியில் ஆழ்ந்து ஒருவரோடொருவர் பேசாதிருப்பதும் நாம் நாள்தோறும் காணும் காட்சியே. கருவி நம்மை இணைக்கிறதா? பிரிக்கிறதா? கருவிகளின் வரலாற்றிலிருந்தே சில செய்திகளை எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

தனித்திருத்தலும் தனிமைத் துயரும்

முதற்கண் இரண்டு நிலைகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். பாடம் படிக்கவும், செபிக்கவும், நல்ல நூலொன்றில் மூழ்கவும் தனித்திருத்தல் தேவை. அது மனத்துக்கு உரமளிப்பது. தனிமைத் துயர் அத்தகையதன்று. நாம் நாடும் உறவுக்கும் நமக்குக் கிடைக்கும் உறவுக்கும் இடையே உள்ள குறையால் அது விளைகிறது. ஆகவேதான் நாற்பது பேர் உள்ள வகுப்பின் நடுவிலும் ஒரு மாணவி அத்துயரை அடையக்கூடும்.

இதை ஆராய்வதற்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் ஓர் ஆணையத்தை அமைத்தது. அதன் அறிக்கை 2025 ஜூன் மாதம் வெளிவந்தது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று அது கூறுகிறது. 13 முதல் 29 வயது வரை உள்ளோரில் நூற்றுக்கு 17 முதல் 21 பேர் இவ்வாறு உணர்கின்றனர். அவர்களுள்ளும் பதின்வயதினரே மிகுதி. செல்வம் மிக்க நாடுகளில் நூற்றுக்கு 11 பேர் என்றால், வறிய நாடுகளில் 24 பேர். எனவே, தனிமை முதியோருக்கும் மேல்நாட்டாருக்கும் மட்டுமே உரிய துன்பம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நோய், வறுமை, துணையின்றி வாழ்தல் என இதற்குக் காரணங்கள் பல. கருவிகளை நாம் பயன்படுத்தும் முறையும் அவற்றுள் ஒன்றாகும்.

சுருங்கிய வட்டம்

நம் சிற்றூர்களுக்கு வானொலி வந்த காலத்தில் அது ஊருக்கே பொதுவாக இருந்தது. ஊராட்சி மன்ற வானொலி ஒலிக்கும்போது மக்கள் ஒன்றாக அமர்ந்து செய்தியும் பாட்டும் கேட்டனர். கேட்டவற்றைப் பற்றி அங்கேயே விவாதித்தனர். பின்னர் வசதியுள்ள வீடுகளில் வானொலிப் பெட்டி இடம்பெற்றது. குடும்பம் முழுவதும் அதைக் கேட்டது. 1954இல் அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது. அதை ஒருவர் கையிலேயே எடுத்துச் செல்ல முடிந்தது. ஊரார், குடும்பத்தார், ஒருவர் எனக் கேட்போரின் வட்டம் படிப்படியாகச் சுருங்கியது.

1979 ஜூலை மாதம் ஜப்பானில் சோனி நிறுவனம் ‘வாக்மேன்’ என்னும் சிறு ஒலிநாடாக் கருவியை வெளியிட்டது. இடுப்பில் செருகிக்கொண்டு, ஹெட்போனைக் காதில் மாட்டி, நடந்துகொண்டே பாட்டுக் கேட்கலாம். இக்கருவியைப் பற்றி அந்நிறுவனத்தின் தலைவராயிருந்த அக்கியோ மொரிட்டா 1986இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். முதல் மாதிரிக் கருவியை அவர் தம் வீட்டில் சோதித்துப் பார்த்தபோது, அருகில் இருந்த அவருடைய மனைவி, தாம் ஒதுக்கப்பட்டதாக உணர்ந்து மனம் சலித்தார். அதைக் கண்ட மொரிட்டா, இருவர் சேர்ந்து கேட்கும்படி இரண்டு ஹெட்போன்களைச் செருக இடம் வைக்கச் செய்தார். பாட்டுக்கு நடுவே ஒருவரோடொருவர் பேசுவதற்கு ஒரு பொத்தானும், சிறு ஒலிவாங்கியும் சேர்க்கப்பட்டன. பொத்தானை அழுத்தினால் பாட்டின் ஒலி தணியும். அருகிலிருப்பவர் குரல் கேட்கும். ஒருவர் மட்டும் தனியே கேட்பது பண்பாகாது என்று மக்கள் கருதுவர் என அவர் எண்ணியிருந்தார்.

நடந்தது வேறு. வாங்கியவர்கள் அக்கருவியைப் பிறரோடு பகிர விரும்பவில்லை. ஒவ்வொருவரும் தமக்கென ஒன்றை வைத்துக்கொள்ளவே விரும்பினர். ஆகவே பேசும் பொத்தான் முதலில் நீக்கப்பட்டது. பிற்பாடு பெரும்பாலான மாதிரிகளில் இரண்டாவது ஹெட்போனுக்குரிய இடமும் நீக்கப்பட்டது. இச்செய்தியை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அருகிலிருப்பவருக்கும் ஓர் இடம் வைத்தே கருவி செய்யப்பட்டது. அந்த இடத்தை வேண்டாமென்று விட்டவர்கள் அதைப் பயன்படுத்திய மக்களே.

அதே ஒலிநாடா

ஒலிநாடா எல்லோரையும் பிரித்தது என்று சொல்லிவிடலாமா? அதே காலத்தில் நம் நாட்டிலிருந்து அரபு நாடுகளுக்கு வேலைக்குச் சென்றோர் பலர். அயல்நாட்டுத் தொலைபேசி அழைப்புக்குச் செலவு மிகுதி. கடிதம் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தனர். எனவே சிலர் தம் குரலை ஒலிநாடாவில் பதிவு செய்து, ஊருக்கு வருவோர் கையில் கொடுத்தனுப்பினர். வீட்டில் டேப் ரிக்கார்டரைச் சுற்றித் தாயும் மனைவியும் மக்களும் அமர்ந்து அதைக் கேட்டனர். பின்னர் தங்கள் குரல்களைப் பதிவு செய்து திருப்பி அனுப்பினர்.

காதில் மாட்டிக்கொண்டு பிறரை மறக்கச் செய்ததும் ஒலிநாடாதான். கடல் கடந்த தந்தையின் குரலைக் குடும்பத்தின் நடுவே கொணர்ந்ததும் ஒலிநாடாதான். இன்றைய கைப்பேசிக்கும் இது பொருந்தும். வெளியூரில் உள்ள பாட்டியை அழைத்து நலம் கேட்க அது உதவுகிறது. அருகில் அமர்ந்து பேசும் பாட்டியின் சொல் காதில் விழாமல் செய்யவும் அதுவே காரணமாகிறது. எதற்கு என்பதை முடிவு செய்பவர் அதைக் கையில் வைத்திருப்பவரே ஆவார்.

பதில் சொல்லும் பொறி

மனிதரோடு பேச உதவும் கருவி ஒருபுறம் இருக்க, மனிதரைப் போலத் தானே பேசும் பொறியும் இன்று வந்துவிட்டது. இதன் தொடக்கம் புதியதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பேராசிரியராயிருந்த ஜோசப் வைசன்பாம் என்பவர் ‘எலைசா’ என்னும் கணினி நிரலை உருவாக்கி, 1966இல் அதைப் பற்றி எழுதினார். நாம் தட்டச்சு செய்யும் வாக்கியத்திலிருந்தே சில சொற்களை எடுத்து, அதைக் கேள்வியாக மாற்றித் திருப்பித் தருவதே அதன் வேலை. ‘என் தாய் என் மீது கோபமாக இருக்கிறார்’ என்பது போல நாம் எழுதினால், ‘உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்’ என்பது போல அது பதிலளிக்கும். பொருள் எதுவும் அதற்கு விளங்காது.

வைசன்பாமின் செயலாளர், அது வெறும் நிரல் என்பதை நன்கு அறிந்தவர். மாதக்கணக்காக அவர் அதை உருவாக்கியதைக் கண்கூடாகப் பார்த்தவர். எனினும் அதனோடு சிறிது நேரம் உரையாடியதும், தாம் தனியே பேச வேண்டும் என்று சொல்லி, பேராசிரியரை அறையை விட்டு வெளியே போகும்படி வேண்டினார். இது வைசன்பாமைத் திடுக்கிடச் செய்தது. 1976இல் அவர் எழுதிய நூலில், பொறிகளிடம் ஒப்படைக்கத் தகாத மானிடப் பணிகள் உண்டு என்று வாதிட்டார்.

2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி முதலியவை எலைசாவினும் பன்மடங்கு திறமை வாய்ந்தவை. பாடத்தில் ஐயம் தீர்க்கவும் மொழி பயிலவும் அவை பயன்படும். ஆனால் நாம் மூன்று நாள் பள்ளிக்கு வராவிட்டால் நம்மைத் தேடி வீட்டுக்கு வருபவர் ஒரு தோழியாகத்தான் இருக்க முடியும். நாமும் அப்பொறிக்காக எதையும் விட்டுக்கொடுக்கவோ, அதன் துயரைத் தாங்கவோ தேவையில்லை. உறவு என்பது கொள்வதும் கொடுப்பதும் அன்றோ?

செவிசாய்க்கும் மனிதர்

கருவியின் மறுமுனையில் ஒரு மனிதர் மனமுவந்து செவிசாய்த்தால் என்ன நிகழும் என்பதற்கும் சான்று உண்டு. இங்கிலாந்தில் சாட் வரா என்னும் ஆங்கிலிக்கன் குரு இருந்தார். 1935இல், இளம் குருவாயிருந்தபோது அவர் நடத்திய முதல் அடக்கச் சடங்கு ஒரு சிறுமியினுடையது. தன் உடலில் ஏற்பட்ட இயல்பான மாற்றத்தைக் கொடிய நோய் என்று அவள் எண்ணிவிட்டாள். அவள் அச்சத்தைப் போக்கும் ஒரு சொல் அவளுக்குக் கிடைக்கவில்லை. அவள் தன் உயிரை இழந்தாள். அந்நிகழ்ச்சி குருவின் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

1953 நவம்பரில் இலண்டனில் தம் ஆலயத்திலிருந்த தொலைபேசியைக் கொண்டு, துயருற்றோர் யாரும் அழைத்துப் பேசலாம் என்று அவர் அறிவித்தார். பலர் நேரிலும் வந்தனர். அவரைக் காணக் காத்திருந்தோருக்குத் தொண்டர்கள் தேநீர் கொடுத்துப் பேச்சுத் துணையாக இருந்தனர். அத்தொண்டர்களிடம் பேசிய பலருக்கு, குருவைக் காண வேண்டிய தேவையே எழவில்லை! பெரும் படிப்போ பட்டமோ இல்லாத எளியோர் பொறுமையாகக் கேட்டதே போதுமானதாக இருந்தது. அதை உணர்ந்த சாட் வரா அடுத்த ஆண்டே அப்பணியைத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். பத்திரிகை ஒன்று நற்செய்தியில் வரும் நல்ல சமாரியனை நினைவூட்டி எழுத, ‘சமாரியர்’ என்பதே அவ்வமைப்பின் பெயராயிற்று. சென்னையிலும் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் ‘சிநேகா’ என்னும் அமைப்பை நிறுவினார். துயருற்றோருக்குச் செவிசாய்க்கும் தொண்டு அங்கு நடைபெற்று வருகிறது.

நாம் செய்யத்தக்கவை

இவற்றிலிருந்து நாம் கற்பன யாவை? உணவு வேளையில் கைப்பேசிகளை அலமாரியில் வைத்துவிட்டு, அன்றைய செய்திகளைப் பேசிக்கொண்டே உண்ணலாம். வகுப்பிலோ விடுதியிலோ புதிதாகச் சேர்ந்தவள் மதிய உணவின்போது தனியே அமர்ந்திருந்தால், நம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவளருகே போகலாம். நோயுற்ற தோழிக்குப் பூங்கொத்துப் படம் அனுப்புவதோடு நில்லாமல், அவள் தவறவிட்ட பாடக் குறிப்புகளோடு நேரில் சென்று பார்க்கலாம். தூரத்து உறவினர்களை வாரம் ஒரு முறை அழைத்து, அவர்களைப் பேசவிட்டு நாம் கேட்கலாம்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இதில் பங்குண்டு. மகள் பள்ளிக்கதை சொல்ல வரும் வேளையில் பெற்றோரின் கண்கள் கைப்பேசியிலேயே இருந்தால், நாளடைவில் அவள் சொல்வதை நிறுத்திவிடுவாள். சிறு செய்திகளுக்குச் செவிகொடுத்த பெற்றோரிடமே பெரிய துன்பத்தையும் பிள்ளைகள் சொல்லத் துணிவர். மனம் பாரமாய் இருக்கும் மாணவியும் அதைத் தன்னுள்ளேயே பூட்டி வைத்தலாகாது. தாய், ஆசிரியை, அருட்சகோதரி, மருத்துவர் என நம்பத்தக்க ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுதல் வேண்டும். உதவி நாடுவது இழுக்கன்று.

விஞ்ஞானம் இன்னும் பல புதிய கருவிகளை நமக்குத் தரும். அவற்றை வேண்டாமென்று ஒதுக்காமல், பயனறிந்து கையாள்வோம். கருவி எதுவாயினும், அருகிலிருப்பவருக்கு ஓர் இடம் வைத்தே அதைப் பயன்படுத்துவோமாக!

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. தனித்திருத்தலுக்கும் தனிமைத் துயருக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் வாழ்விலிருந்து ஒரு சான்று காட்டி விளக்குக.

2. வாக்மேன் கருவியில் பேசும் பொத்தான் நீக்கப்பட்டது ஏன்? உங்கள் வீட்டுக் கைப்பேசிக்கு அத்தகைய ஒரு பொத்தான் இருந்தால் அதை எப்போது அழுத்துவீர்கள்?

3. உங்கள் வகுப்பில் இவ்வாரம் ஒருவரும் பேசாத மாணவி யார்?