தாடலை என்னுஞ் சொல்

உமாபதி சிவாசாரியார் 14ஆம் நூற்றாண்டில் அருளிச்செய்த திருவருட்பயனை ஓதுவோர், அதன் எட்டாம் அதிகாரமாகிய இன்புறுநிலையிலே ‘தாடலை’ என்னும் ஓர் அருஞ்சொல்லைக் காண்பர். முத்தியில் ஆன்மா சிவத்தோடு கூடுமாறு எத்தகைத்தென விளக்குதற்கு ஆசிரியர் எடுத்த உவமை அது. புதிதாய்ப் பாடங்கேட்போர் இஃது ஏதேனும் மரமோ பூவோ என மயங்குதல் உண்டு. யாமும் முதன்முறை அவ்வாறே மயங்கினோம்.

தாள், தலை என்னும் இரு சொற்கள் புணர்ந்ததே இது. ளகரத்தின் முன் வந்த தகரம் டகரமாய்த் திரிந்தது. அது திரிந்தபின் ளகரங் கெட்டது. நாள், தோறும் என்பன நாடோறும் என வருதலும் இவ்வாறே. இவ்வளவில் நிற்போர் பெரும்பயனை இழப்பர். நன்னூலாசிரியர், தனிக்குறிலைச் சாராத ளகரம் இங்ஙனங் கெடுதலை அல்வழிப் புணர்ச்சிக்கே விதித்தார். வேற்றுமையாயின் ளகரம் டகரமாய் நிற்கும். மெய்கண்டதேவர் எழுந்தருளியிருந்த திருவெண்ணெய்நல்லூரில் திருக்கோயிலின் பெயர் அருட்டுறை. அருளினது துறை என விரிதலின் ஆண்டு ளகரம் கெடாது டகரமாயிற்று. ஆகவே, தாளிற் பொருந்திய தலை என்பதே ஈண்டுக் கருத்தாயின், சொல் ‘தாட்டலை’ என்றிருத்தல் வேண்டும். அங்ஙனமின்மையின், தாளும் தலையும் என உம்மைத்தொகையாகவே கொள்ளற்பாற்று.

ஓரெழுத்துக் கெட்டும் ஓரெழுத்துத் திரிந்தும் ஒரு சொல்லாய் ஒலிப்பினும், இரு பொருளும் அழிந்தில. இருசொல்லெனின் இடையே பிளவு காணோம். ஒருசொல்லெனின் இருபொருள் உள. முத்தியிலும் ஒன்றேயாயின் இன்பந் துய்ப்பதும் துய்க்கப்படுவதும் இலவாம்; வேறேயாயின் கூட்டமே இல்லை. அத்துவிதம் என்னும் சொல்லுக்கு நம்மவர் கொண்ட பொருளை ஒரு புணர்ச்சி விதிக்குள் அடக்கிய ஆசிரியர் திறத்தை என்னென்பது!

கெட்டது தாளின் எழுத்தாதலின், தாள் இறைவன் திருவடியாயின் அவனுக்கு விகாரம் வந்து பொருந்தாதோ எனின், பொருந்தாது. கேடு நேர்ந்தது எழுத்திற்கேயன்றிப் பொருளுக்கன்று. உவமை ஒருபுடை ஒப்பாதலும் நினைக்க.

படிப்போர்க்கு எளிமை கருதிச் சந்தி பிரித்து அச்சிடும் வழக்கம் இந்நாளில் மிகுந்துள்ளது. ஏனையிடங்களில் அது நன்றே. ஈண்டோ, புணர்ச்சியே உவமை. தாள், தலை எனப் பிரித்து அச்சிடின் அத்துவிதம் அச்சுக்கூடத்திலேயே துவிதமாய்விடும். பதிப்பிப்போர் பிரித்துக் காட்ட விரும்பின் உரைக்குறிப்பிலே காட்டுக. மூலத்தை அவ்வாறே விடுக.