நின்ற இயந்திரத்தில் நிற்காத ஆற்றல்

மின்விசிறியின் சுவிட்சை அணைத்தவுடன் இறக்கைகள் நின்றுவிடுவதில்லை என்பதைத் தினமும் பார்க்கிறீர்கள். மின்சாரம் நின்றுவிட்டது, ஆனால் இறக்கைகள் முன்பே பெற்ற இயக்க ஆற்றல் அவற்றிலேயே இருக்கிறது. காற்றுத் தடையும் உராய்வும் அதைத் தீர்க்கும் வரை விசிறி சுழலும். வீட்டில் இது வேடிக்கை. தொழிற்சாலையில் இது ஒருவருடைய விரல்களைப் பற்றிய விஷயம்.

இரும்புத் தகடுகளை வெட்டவும் வளைக்கவும் பயன்படும் பவர் பிரஸ் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். பலவற்றில் பிளைவீல் என்னும் கனத்த சக்கரம் ஒன்று இருக்கும். மோட்டார் அதை ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். தொழிலாளி பெடலை மிதித்தால் கிளட்ச் சக்கரத்தோடு பிடித்துக்கொள்ளும்; மேலே நிற்கும் ராம் என்ற இரும்புக் கட்டை ஒரே வீச்சில் இறங்கித் தகட்டை வெட்டிவிட்டு மேலேறும்.

சக்கரத்தின் விளிம்பில் 200 கிலோகிராம் நிறை, ஆரம் 0.5 மீட்டர், வினாடிக்கு 5 சுற்று என்று கொள்வோம். விளிம்பின் வேகம் 2 × 3.14 × 0.5 × 5, அதாவது வினாடிக்கு 15.7 மீட்டர். இயக்க ஆற்றல் ½ × 200 × 15.7 × 15.7, ஏறத்தாழ 24,650 ஜூல். 50 கிலோ எடையுள்ள உங்கள் நண்பனை 50 மீட்டர் உயரத்துக்குத் தூக்க இது போதும்!

டை எனப்படும் அச்சை மாற்ற பிட்டர் ஒருவர் வருகிறார். மோட்டாரை அணைத்துவிட்டு ராமுக்கு அடியில் கையை விடுகிறார். சக்கரம் இன்னும் சுழல்கிறது. யாருடைய காலாவது பெடலில் பட்டால் மின்சாரம் இல்லாமலே ராம் இறங்கிவிடும். சக்கரம் நின்ற பிறகும் ராமிடம் நிலை ஆற்றல் உண்டு. 100 கிலோ ராம் 20 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றால் 196 ஜூல். அதைத் தாங்குவது பிரேக் மட்டுமே. ஆகவே சக்கரம் முழுவதும் நின்று, ராமுக்கு அடியில் உறுதியான முட்டு கொடுத்த பிறகே கை உள்ளே போகலாம்.

கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் ஆற்றலும் உண்டு. மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுப் பெட்டிக்குள் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 600 வோல்ட்டில் இருந்தால், அதில் 180 ஜூல் தேங்கியிருக்கும். குறுக்கே 100 கிலோ ஓம் மின்தடை இருந்தால் 5 நிமிடத்தில் அழுத்தம் 30 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அந்த மின்தடை எரிந்துபோயிருந்தால்? கடிகாரத்தை நம்பாமல் வோல்ட்மீட்டரால் அளந்து பார்ப்பதே வழி.

இன்னோர் ஆபத்து, சக மனிதர். உள்ளே ஆள் இருப்பதை அறியாத ஒருவர் சுவிட்சைப் போட்டுவிடலாம். நம் எலெக்ட்ரீஷியன்கள் பியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது இதற்காகத்தான். நல்ல வழக்கம், ஆனால் வேறொரு கேரியரைச் செருகிவிட முடியுமே! மெயின் சுவிட்சின் கைப்பிடியை ‘ஆஃப்’ நிலையில் பூட்டி, சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொள்வதுதான் மேல். நான்கு பேர் வேலை செய்தால் பல துளைகள் உள்ள ஒரு கொண்டியில் நான்கு பூட்டுகள். நான்காமவர் வெளியே வந்து தம் பூட்டை எடுக்கும் வரை சுவிட்ச் அசையாது. மேற்பார்வையாளரிடம் சாவியை ஒப்படைப்பது இதற்கு ஈடாகாது. உள்ளே இருப்பது அவர் கையல்ல.

நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில், தவறுதலாக ‘ஆன்’ நிலைக்கு நகரக்கூடிய சுவிட்சுகளுக்குப் பூட்டும் ஏற்பாடு வேண்டும் என்பது 1976-இல் சேர்க்கப்பட்டது. அமெரிக்காவில் 1989-இல் வந்த விதி, பூட்டுவதோடு தேங்கிய ஆற்றலையும் நீக்கச் சொல்கிறது. அழுத்தக் காற்று, சுருள்வில், உயர்த்திய பாரம் எல்லாம் இதில் அடங்கும்.

பூட்டிய பிறகு ஒரு சோதனை உண்டு. அருகில் எவரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு ஸ்டார்ட் சுவிட்சைப் போட வேண்டும். சரியான மெயினைத்தான் பூட்டினோமா என்பது அப்போது தெரிந்துவிடும். அது திருகு சுவிட்சானால் மறக்காமல் மறுபடி ‘ஆஃப்’ நிலைக்குத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் பூட்டைத் திறந்து மெயினைப் போட்டதும் இயந்திரம் தானே ஓடத் தொடங்கிவிடலாம்.