ஓடுவதற்கு முன் காலில் ஐஸ் வைக்கலாமா?



கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் ஐஸுக்குப் பஞ்சமில்லை. விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாளில் ஐஸ் கம்பெனி வாசலில் உடைத்த ஐஸ் சிதறிக் கிடக்கும். காவலர் தேர்வுக்காகக் காலையில் ஓடிப் பழகும் நம் பிள்ளைகள் சிலர் அதைப் பையில் அள்ளி வந்து, ஓடுவதற்கு முன்பே தொடையிலும் கெண்டைக்காலிலும் கட்டிக்கொள்வதைப் பார்க்கிறோம். கேட்டால், "டிவியில் பெரிய பெரிய வீரர்களே வைக்கிறார்களே மாமா, கால் சூடாகாமல் இருந்தால் நல்லா ஓடலாம்" என்கிறார்கள்.

சென்ற முறை உடல்தகுதித் தேர்வுக்குப் போன நம் பிள்ளைகளில் ஒருவருக்கு, இரண்டு நாளுக்கு முன்பே பின்தொடையில் இலேசான பிடிப்பு. மைதானத்தில் 100 மீட்டர் ஓட்டத்துக்குக் காத்திருந்தபோது நண்பர்கள் அரை மணி நேரம் ஐஸ் வைத்துவிட்டார்கள். வலி போய்விட்டது. ஆனால் பாதித் தூரம் ஓடுவதற்குள் தசை கிழிந்து விழுந்துவிட்டார். அவருடைய அத்தா மலேசியாவிலிருந்து போனில், "தினமும் நல்லாத்தானே ஓடினான், என்ன ஆச்சு?" என்று கேட்டபோது நம்மிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஓய்வில் இருக்கும்போது தொடைத் தசையின் வெப்பம் 35 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். மெதுவாக ஓடி உடலைச் சூடுபடுத்தினால் அது 38 டிகிரிக்கு மேலும் ஏறும். தசை சுருங்கி விரிவதற்கான சக்தியைத் தரும் வேதிமாற்றங்கள் அந்தச் சூட்டில்தான் வேகமாக நடக்கின்றன. மூளையின் உத்தரவைக் கொண்டுவரும் நரம்பும் சூட்டில் வேகமாகவும் குளிரில் மந்தமாகவும் வேலை செய்கிறது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு இது ஓரளவு புரியும். தசை உறைந்துபோவதில்லை, மந்தப்படுகிறது.

எவ்வளவு மந்தப்படும்? 1987இல் சார்ஜென்ட் என்ற ஆய்வாளர் இதை அளந்து பார்த்தார். சிலரின் கால்களை 45 நிமிடம் நீரில் மூழ்கவைத்து, பிறகு முழுப் பலத்தோடு சைக்கிள் மிதிக்கச் சொன்னார். 44 டிகிரி வெந்நீரில் கால் வைத்திருந்தவர்களின் உச்ச ஆற்றல் சுமார் 11 சதவீதம் கூடியது. 18 டிகிரி நீரில் சுமார் 12 சதவீதமும், 12 டிகிரி நீரில் சுமார் 21 சதவீதமும் குறைந்தது. நம் காவலர் தேர்வில் ஆண்கள் 100 மீட்டரை 15 விநாடிக்குள் ஓடினால் ஒரு நட்சத்திரம், 13.5 விநாடிக்குள் ஓடினால் இரண்டு. ஒன்றரை விநாடிக்குள் வாழ்க்கை மாறும் இடத்தில், ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலை ஐஸுக்குக் கொடுத்துவிட்டு நிற்க முடியுமா?

இன்னொன்று, ஐஸ் காயத்தை ஆற்றிவிடுவதில்லை. வலியைச் சொல்லும் நரம்பை மரத்துப்போகச் செய்கிறது, அவ்வளவே. வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டதால் திருடன் போய்விட்டான் என்று அர்த்தமாகாது. கால் எங்கே ஊன்றுகிறது என்ற உணர்வும் குறையலாம். 2012இல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வு 35 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. குளிரவைத்த உடனே விளையாடப் போனால் பலம், வேகம், தாண்டும் உயரம் எல்லாம் குறைவதையே அவற்றில் பெரும்பாலானவை காட்டின. ஐஸை எடுத்த பிறகும் உள்தசையின் வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். தோல் சூடாகிவிட்டது என்று நம்பி ஓடக்கூடாது.

அப்படியானால் டிவியில் பார்த்தது பொய்யா? பொய்யில்லை. அவர்கள் குளிரவைப்பது வேறு இடத்தை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியத் துடுப்பு வீரர்கள் ஐஸ் பொதிந்த மேலங்கி அணிந்தார்கள். அது நெஞ்சையும் முதுகையும் குளிர்விக்கும். கால் சூடாகவே இருக்கும். வெயிலில் நெடுநேரம் ஓடுபவருக்கு உடலின் உள்வெப்பம் ஏறிவிடுவதுதான் தடை என்பதால், தொடக்கத்திலேயே அதைச் சற்று இறக்கி வைக்கிறார்கள். 2010இல் ஓர் ஆய்வில், 34 டிகிரி வெக்கையில் 10 ஆண்களை இரண்டு முறை ஓடவைத்தார்கள். குளிர்ந்த நீர் குடித்துவிட்டு ஓடியபோது சராசரியாக 40 நிமிடம் தாங்கினார்கள். ஐஸ் கூழ் குடித்தபோது 50 நிமிடம் தாங்கினார்கள். (மீனுக்குப் போடும் ஐஸைக் குடித்துவிடாதீர்கள். அது குடிக்கும் தண்ணீரில் செய்ததல்ல.)

நம் பிள்ளைகளின் 1500 மீட்டர் 7 நிமிடத்துக்குள் முடிவது. பெண்பிள்ளைகளின் 400 மீட்டருக்கு இரண்டரை நிமிடம். இதற்கு ஐஸ் மேலங்கி தேவையில்லை. ஆனால் முறை வரும்வரை வெயிலில் மணிக்கணக்காக நிற்பதுதான் ஆளை உருக்குகிறது. ஆகவே நிழலில் உட்காருங்கள். ஈரத் துண்டைக் கழுத்திலும் நெஞ்சிலும் போட்டுக்கொள்ளுங்கள். முழுக்கை உடையும் தலைத்துணியும் அணிந்து ஓடும் நம் பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். அழைப்பதற்குக் கால் மணி நேரம் முன் துண்டை எடுத்துவிட்டு, மெதுவோட்டம் ஓடிக் காலைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். கயிறு ஏறுபவர்கள் கையையும் ஐஸ் நீரில் விடக்கூடாது, பிடி தளர்ந்துவிடும். உளூச் செய்தால் கால் குளிர்ந்துவிடாதா என்று ஒரு பிள்ளை கேட்டார். அந்தச் சில நிமிட ஈரம் தோலோடு நின்றுவிடும், தசைக்குள் போகாது. தாராளமாகச் செய்யலாம்.

ஐஸைத் தயங்காமல் கொட்ட வேண்டிய நேரம் ஒன்று உண்டு. 2024இல் ஜார்க்கண்டில் ஆயத்தீர்வைக் காவலர் தேர்வின் 10 கிலோமீட்டர் ஓட்டத்தின்போது பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் மாண்டுபோனார்கள். அதன் பிறகே, காலை 9 மணிக்கு மேல் ஓட்டம் நடத்தக்கூடாது என்று அந்த மாநில முதல்வர் உத்தரவிட்டார். வெயிலில் ஓடியவர் தள்ளாடினால், உளறினால், உடல் நெருப்பாய்க் கொதித்தால், 108க்குச் சொல்லிவிட்டு வண்டி வரும்வரை சும்மா நிற்காதீர்கள். நிழலுக்குத் தூக்கிப்போய் உடல் முழுவதும் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். நினைவு இல்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்ற வேண்டாம்.

பிடிப்பு உள்ள பிள்ளைகள் அதை மறைத்துக்கொண்டு பயிற்சிக்கு வரவேண்டாம், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிறு சுபுஹுத் தொழுகைக்குப் பின் நடக்கும் பயிற்சியில் ஒரு ஐஸ் பெட்டி வைக்கிறோம். அதன் சாவி நம்மிடம் இருக்கும். தாய்மார்கள் பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு பருத்தித் துண்டு கொடுத்தனுப்புங்கள்.